பொன்னாடையும் ஒரு சாக்கு பேரிங்கும்

எங்கள் சுண்ணாம்புக்கல் குவாரியில் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்தினால் அவருக்கு வேலை போகப்போகிறது என்று பொருள். இதை யாரும் எழுதி ஒட்டி வைக்கவில்லை. நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். வெளியூரிலிருந்து வருகிற பெரிய அதிகாரிகளுக்குப் போர்த்துவார்கள். அவர்கள் அன்றைக்கே காரில் ஏறிப் போய்விடுவார்கள். எங்களைப் போன்ற ஒப்பந்த ஆட்களுக்குப் போர்த்தினால் அவர்களும் போய்விடுவார்கள். காரில் போக மாட்டார்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் லாரி ஓட்டியவருக்குக் காலைக் கூட்டத்தில் வைத்துப் போர்த்தினார்கள். இவரைப் போல உழைப்பாளி கிடையாது என்று சூப்பர்வைசர் பேசினார். எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். கொஞ்ச நாளில் ஒரு திங்கட்கிழமை காலை, வாசலில் விரல் வைக்கிற மெஷின் அவரை உள்ளே விடவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். "கிரீஸ் ஒட்டியிருக்கும்போல" என்றார். அவர் விரலில் ஒன்றும் இல்லை. அதற்கு முன்பு கிரஷரில் வேலை பார்த்த ஒருவருக்கும் இதே மாதிரிதான் நடந்தது. அவருக்குப் பொன்னாடையோடு ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.

ஆகவே சென்ற ஆண்டு பாதுகாப்பு வாரக் கூட்டத்துக்கு முந்தைய நாள், ஃபிட்டர் பாயின் பைக்கில் தொங்கிய பையில் ஜரிகை தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் கவரைப் பார்த்ததும் அது எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அன்றைய தேதியில் எங்கள் பிரிவில் அனுப்பப்பட வேண்டிய ஆள் நான் ஒருவன்தான்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைச் சொல்ல வேண்டும். அரியலூர்ப் பக்கம் குவாரியில் உடைக்கிற கல், சிமெண்ட் ஆலைக்கு லாரியில் போவதில்லை. நீளமான ரப்பர் பெல்ட்டில் போகிறது. வேலிக்கருவைக்கு நடுவிலும் சோளக்காட்டு ஓரத்திலும் இரும்புச் சட்டங்களின் மேல் அந்த பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்குவதற்குச் சட்டத்துக்குச் சட்டம் இரும்பு ரோலர்கள். ஒவ்வொரு ரோலரின் இரண்டு முனையிலும் உள்ளே பேரிங், குண்டுகள் அடைத்த இரும்பு வளையம், இருக்கும். பேரிங் கெட்டால் ரோலர் உருளாது. உருளாத ரோலர் மேல் பெல்ட் உரசி உரசிச் சூடாகும். அப்புறம் தீப்பிடிக்கும்.

நான் பெல்ட் ஓரமாக நடப்பவன். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து, திரும்பி வருவேன். கையில் ஒரு இரும்புக் கம்பி, பையில் சாக்பீஸ். கம்பியின் ஒரு முனையைச் சட்டத்தில் வைத்து மறு முனையைக் காதோரம் வைத்தால் உள்ளே பேரிங் என்ன பாடு படுகிறது என்று தெரியும். நல்லது ஒரே சீராக முனகும். கெடப் போவது அரிசியில் கல் கிடக்கிற மாதிரி நறநறக்கும். நறநறப்பதன் சட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு மேலே நடப்பேன். நான் போன பிறகு, பெல்ட் நிற்கிற நேரம் பார்த்து ஃபிட்டர்கள் வந்து அதைக் கழற்றிப் புதியது மாட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு இந்த வேலை கிடைத்ததே பெரிது. ஆட்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் பிடித்தும் இருந்தது. பஸ்ஸில் என் ஊர் தாண்டிப் போனால்கூட நிறுத்தச் சொல்லாமல் அடுத்த ஊரில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான்.

ஒன்பது வருடம் குறி போட்டேன். மறுநாள் போனால் அந்த இடத்தில் புது ரோலர் உருளும். கழற்றியது நிஜமாகவே கெட்டிருந்ததா, இல்லை நல்லதைக் கெட்டது என்று சொல்லிவிட்டேனா, எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. என் பெயரும் அங்கே யாருக்கும் தெரியாது. "பெல்ட்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். "பெல்ட்டு வந்துட்டானா?" "பெல்ட்டு போயிட்டான்."

மூன்றாவது நான்காவது வருடத்திலேயே அந்தச் சத்தம் வீட்டுக்கும் வரத் தொடங்கிவிட்டது. மனைவி மிக்சி போட்டால் உள்ளே நறநறக்கும். ஃபேன் சுற்றினால் நறநறக்கும். சாப்பிடும்போது நானே மெல்லுகிற சத்தம் கேட்டுக் கையைக் கழுவிவிட்டு எழுந்திருக்கிறேன். இன்றைக்குக் குறி போடாமல் விட்ட ஏதோ ஒன்று இப்போது உருளாமல் நிற்கிறது என்று தோன்றும். நெஞ்சு அடைக்கும். பெரம்பலூரில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "காது ஜோரா இருக்கு. நல்லாத் தூங்குங்க" என்றார். தூங்கத்தான் முடியவில்லை என்று அவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஆள் கதவைத் திறந்துவிட்டார்.

இந்த நிலையில்தான் சென்ற ஆண்டு எல்லாம் மாறத் தொடங்கியது. வெளியூர்க் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் டார்ச் லைட் போல ஒரு மெஷின். அதைச் சட்டத்துக்கு நேரே நீட்டினால் பேரிங் சத்தத்தை அது கேட்டுச் சொல்லிவிடுமாம். ஒரு வாரம் என் பின்னாலேயே நடந்தார்கள்.

"நீங்க எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டார்.

"சும்மாதாங்க. சத்தத்த வெச்சு."

"எந்த மாதிரிச் சத்தம்?"

"கெட்ட சத்தம்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். அரிசியில் கல் என்பதையெல்லாம் அவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த வாரம் முழுவதும் உறுதியாகத் தெரிந்ததற்கு மட்டும் குறி போட்டேன். தப்பாகப் போட்டால் அவர்கள் எழுதிக்கொள்வார்கள் என்று பயம். ஒரு சட்டத்தில் மட்டும், நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பரில், லேசாக ஒரு உறுத்தல் இருந்தது. மெஷின் அது நல்லது என்றது. நான் சும்மா வந்துவிட்டேன். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு மனசு கேட்காமல் திரும்பி நடந்து போய்க் குறி போட்டுவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு ஃபிட்டர் எனக்கு டீ வாங்கி வந்து நீட்டினார். ஒன்பது வருடத்தில் முதல் டீ. "சாப்பிடுங்கண்ணே" என்றார். பெல்ட்டு எப்போது அண்ணன் ஆனான்? குடித்தேன், ஆனால் ருசி தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசர் என்னிடம் ஒரு போட்டோவும் ஆதார் நகலும் கேட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. தண்ணீர் லாரிக்காரரிடமும் முன்பு இப்படித்தான் போட்டோ கேட்டார்கள். பிறகு ஃபிட்டர் பாய் ஒர்க்ஷாப் வாசலில் என்னை நிறுத்தினார். லப்பைக்குடிக்காட்டுக்காரர், என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். சவுதியில் பல வருடம் இருந்துவிட்டு வந்து இங்கே சேர்ந்தவர். அதிகம் பேச மாட்டார்.

"யோவ், நீ இங்க வந்து எத்தன வருசமாச்சு?"

"ஒம்பது ஆவுதுங்க பாய்."

"ஒம்பதா!" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் அப்போதே குறித்துக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள்தான் ஜரிகைக் கவரைப் பார்த்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"பாய் பைல பொன்னாட இருக்கு. நாளைக்குக் கூட்டத்துல எனக்குப் போத்தப் போறாங்க."

"நல்லதுதான? போத்தட்டும்."

"ஒனக்குத் தெரியாது. போத்துனா அனுப்பிடுவாங்க."

"அனுப்புறவங்க போத்தாமயும் அனுப்பலாம்ல. அதுக்கு எதுக்குத் துணிய வேற வீணாக்கணும்?"

அவளுக்கு இதெல்லாம் விளங்காது என்று நினைத்தேன். இருந்தாலும் சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொள்வதாகச் சொன்னாள். நான் மறுநாள் காய்ச்சல் என்று சூப்பர்வைசருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆள் இல்லாவிட்டால் யாருக்குப் போர்த்துவார்கள்? அந்த ஒரு நாள் தப்பித்தால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு நாள் இரண்டு நாளானது. வீட்டில் படுத்துக்கிடந்தபோது சத்தம் இன்னும் அதிகமாகக் கேட்டது. நான் நடக்காத அந்த இரண்டு நாளில் எது எது நின்றுபோனதோ என்று சட்டம் சட்டமாக மனதுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான்கு மணி இருக்கும். வாசலில் பைக் நின்றது.

"யோவ் பெல்ட்டு! இருக்கியா?"

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "யாரோ பாய் வந்துருக்காங்க. சாக்கு மூட்ட வெச்சிருக்காங்க."

போர்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். பாய் என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஒனக்கென்னய்யா காய்ச்சலு? இந்த வெயில்ல இத ஏத்திட்டு வந்ததுல எனக்குத்தான் ஒடம்பு கொதிக்கிது" என்றபடி சாக்கின் வாயை அவிழ்த்து வாசலில் சாய்த்தார். கடகடவென்று கொட்டியது. எல்லாம் பழைய பேரிங். துருப்பிடித்தவை, வாய் பிளந்தவை, குண்டு உதிர்ந்தவை, கரியாய்ப் போனவை.

நான் தெருவைப் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு துண்டு இரும்புக்காகக் குவாரியில் ஒருவரைப் போலீசில் ஒப்படைத்தது எனக்கு நினைவு வந்தது. பொன்னாடை போர்த்த ஆள் கிடைக்கவில்லை, அதனால் வேறு வழி பார்க்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

"பாய், மொதல்ல இத அள்ளுங்க."

"ஏன்யா?"

"கம்பெனி இரும்பு. என் வூட்டுல கெடந்தா நான் திருடுனதா ஆயிடும்."

"கொண்டாந்தது நான்தானய்யா?"

"அதத்தான் சொல்றேன். நீங்க கொண்டாந்து போட்டீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

பாய் முகம் மாறிவிட்டது. "ஒன்ன மாட்டிவுட வந்தேன்கிற?"

 இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என்னிடம் தராமல் என் மனைவியிடம் நீட்டினார். "நீ படிம்மா. இந்த ஆளு படிச்சா நம்ப மாட்டாரு." அவள் பத்தாவது வரை படித்தவள். வாய்விட்டுப் படித்தாள். பழைய பேரிங் ஒரு சாக்கு, வெளியே எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவர அனுமதி. கீழே கையெழுத்து, ஸ்டோர் சீல். "திரும்பப் படி" என்றேன். திரும்பப் படித்தாள். சீட்டை வாங்கி சீலை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். அதுவரை பாய் நின்றுகொண்டே இருந்தார். அவரை உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. மனைவிதான் நாற்காலி போட்டாள்.

அவர் ஒரு பேரிங்கை எடுத்து என் கையில் வைத்தார். அதன் மேல் வெள்ளை பெயிண்ட்டால் எண் எழுதியிருந்தது. சட்டத்தின் நம்பர். எல்லாவற்றிலும் எழுதியிருந்தது.

"நீ குறி போட்டது. நாங்க கழட்டுனது. ஆறு மாசமா சேத்து வெச்சிருக்கோம். ஒண்ணு ஒண்ணாப் பாரு."

பார்த்தேன். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தேன். சிலது சுற்றவே இல்லை. சிலது சுற்றும்போது என் விரலுக்குள் நறநறத்தது. அது இருந்தது. நான் கற்பனை பண்ணிக்கொண்ட சத்தம் இல்லை அது. இரும்புக்குள் நிஜமாகவே இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டைத் தேடினேன். குண்டுகளே இல்லை, வெறும் வளையம்.

"அது நீ திரும்பிப் போய்ப் போட்டதாமே? வாச்மேன் பாத்துட்டுச் சொன்னாரு. அந்த மெஷினு நல்லதுன்னு காட்டுன ரோலரு அது. மெஷினு கெட்டதுன்னு சொன்னதையும் கழட்டிப் பாத்தோம். அதுல பாதி புதுசு மாரி இருக்கு. ரெண்டையும் தூக்கிட்டுப் போயி சூப்பர்வைசரு டேபிள்ல வெச்சோம். கூட்டத்துல ஒன்னப் பத்தி நாங்களே சொல்றோம்னோம். பொன்னாட நாங்க நாலு ஃபிட்டரும் அரியலூர் கடையில வாங்குனது. கம்பெனி இல்ல."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அந்த பெல்ட்டுக்கு அடியில படுத்து வேல செய்யறவங்க நாங்க. தீப்புடிச்சா யாருக்குய்யா?"

 "இப்ப பொன்னாட எங்க?" என்று கேட்டது என் மனைவிதான்.

பாய் தலையைச் சொறிந்தார். "ஒம் புருசன்தான் வரலையேம்மா. விரிச்சுப் புடிச்சிட்டு நிக்கிறான் எங்காளு. எதுக்க நின்ன சூப்பர்வைசரு தனக்குன்னு நெனச்சுக் கழுத்தக் குனிஞ்சிட்டாரு. குனிஞ்ச கழுத்துக்குப் போத்தாம என்ன பண்றது?"

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே திரும்பிக்கொண்டாள். "அப்ப அவருக்குத்தான் வேல போவுமா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"என்ன சொல்றாங்க வூட்ல?" என்றார் பாய். வேறு வழியில்லாமல் என் கணக்கைச் சொன்னேன். தண்ணீர் லாரிக்காரர், கிரஷர்க்காரர், சுவர்க் கடிகாரம். பாய் முதலில் பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். "ஆமால்ல" என்றார்.

"அப்ப என்ன அனுப்ப மாட்டாங்களா பாய்?"

"அது எனக்கெப்படிய்யா தெரியும்? என்னயே எப்ப அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியாது. அல்லா மேல ஆணையா, ஒன்ன அனுப்பறதுக்கு நாங்க வாங்கல. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அவர் எனக்கு நம்பிக்கை சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தெரியாது என்று சொன்னதால்தான் கொஞ்சம் நம்பினேன். குவாரியில் எந்த ஆளிடமும் சொல்லாததை அன்று அவரிடம் சொன்னேன். மிக்சி, ஃபேன், சோறு, நெஞ்சு அடைப்பது எல்லாவற்றையும். சொல்லும்போதே இதைக் கொண்டுபோய் அங்கே சொல்லிவிடுவாரோ, பெல்ட்டுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று பேசுவார்களோ என்றும் மனதில் ஓடியது. ஆனால் நடுவில் நிறுத்த முடியவில்லை.

மனைவி போட்டுக் கொடுத்த டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பாய் பேசினார்.

"எனக்கு சத்தம் இல்ல. கை. நட்டு முடுக்கிட்டு வந்துருவேன். பாதி வழியில, முடுக்குனமா இல்லையான்னு ஆயிரும். வண்டிய நிறுத்திட்டுக் கையப் பாப்பேன். குன்னம் ஊரு வரைக்கும் வந்துட்டு ரெண்டு தடவ திரும்பிப் போயிருக்கேன். வூட்ல சொன்னா சிரிக்கிறாங்க." பிறகு, கோபம் மாதிரி இல்லாமல் சாதாரணமாகக் கேட்டார்: "நாங்க மாட்டுன ரோலரு நல்லா ஓடுதா இல்லையான்னு எங்களுக்கு யாருய்யா சொல்றா? அந்தப் பக்கம் தெனம் காது வெச்சுட்டு நடக்கிறவன் நீ ஒருத்தன்தான். ஒம்பது வருசத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கியா?"

சொன்னதில்லை. ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. அவர்கள் மாட்டியது சீராக முனகினால் கம்பியை எடுத்துக்கொண்டு அடுத்த சட்டத்துக்குப் போய்விடுவேன். கெட்டதற்கு மட்டும்தான் என்னிடம் சாக்பீஸ் இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை என்று இத்தனை வருடம் கறுவிக்கொண்டிருந்த நான், அவர்களுக்கு அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

பேரிங்குகளை இருவருமாகச் சாக்கில் அள்ளினோம். ஒன்று நாற்காலிக்கு அடியில் உருண்டு கிடந்தது. அதையும் தேடி எடுத்துப் போட்டேன். அவர் போன பிறகு வாசலை ஒரு தடவை பெருக்கச் சொன்னேன். ஒரு குண்டுகூட என் வீட்டில் கிடக்கக் கூடாது.

மறுநாள் காலை வாசல் மெஷினில் விரலை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். திறந்தது. சூப்பர்வைசர் என்னைப் பார்த்து "காய்ச்சல் தேவலையா?" என்றார். தேவலை என்றேன். போட்டோவைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது எதற்கு வாங்கினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று நடந்துபோகும்போது நல்லதையும் நின்று கேட்டேன். நான் இல்லாத நாட்களில் புதிதாக மாட்டியது இருநூற்று ஆறில் இருந்தது. கம்பியை வைத்தால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு சுத்தமாக ஓடியது.

டீ நேரத்தில் ஒர்க்ஷாப் வாசலுக்குப் போனேன். ஒன்பது வருடத்தில் நானாக அங்கே போனது அதுதான் முதல் தடவை. பாய் இல்லை. எனக்கு டீ கொடுத்த ஃபிட்டர் உட்கார்ந்து ஸ்பேனர் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பிவிடலாம் என்று பார்த்தேன். அவர் நிமிர்ந்துவிட்டார்.

"என்னண்ணே?"

"இருநூத்தி ஆறு. நல்லா ஓடுது."

துடைப்பதை நிறுத்தினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். டீயை வாங்கியபோது நான் அவரைப் பார்த்த அதே பார்வை.

"ஏன், அதுக்கென்ன? சூப்பர்வைசரு எதாவது கேட்டாரா?"

"இல்ல. நல்லா ஓடுது. அதத்தான் சொல்ல வந்தேன்."

"நல்லா ஓடுறத எதுக்கு வந்து சொல்றீங்க? எதுனா தப்பா மாட்டிட்டனா? நேரா சொல்லுங்கண்ணே."

எனக்குக் காது சூடாகிவிட்டது.  "வந்து கேளுங்க" என்று கம்பியை நீட்டினேன். அவர் தயங்கித் தயங்கி எழுந்து வந்தார்.  இருநூற்று ஆறாம் சட்டத்தில் கம்பியை வைத்துக் கொடுத்தேன். காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். தலைக்கு மேல் கல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமே கேக்கலையே" என்றார்.

"அதான்."

கம்பியைத் திருப்பிக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை. சட்டத்தில் இருந்த நட்டை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு நடந்தார். வேலிக்கருவையைத் தாண்டிப் பாதை பிரிகிற இடம் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் ஒர்க்ஷாப், இன்னொரு பக்கம் சூப்பர்வைசர் அறை. அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று நின்று பார்த்தேன். ஒர்க்ஷாப் பக்கம்தான் போனார். அதற்குப் பிறகுதான் நான் அடுத்த சட்டத்துக்கு நகர்ந்தேன்.